முப்பத்தோராம் திகதி வரை

உ
எசன், ஜெர்மனி, 12.01.2025

தம்பி சேயோன்,

பிள்ளையார் புண்ணியத்தில இஞ்ச நானும் என்ரை முழங்காலும் இருக்கிறம். ரெண்டில முழங்கால்தான் கூடக் கதைக்குது. நீ ஆபிரிக்காவில சுகமோ? சாப்பாடு செமிக்குதோ?

இந்தக் காலத்தில சித்தி ஏன் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். போனில நீ "ஓம் சித்தி, ஓம் சித்தி" எண்டுகொண்டு மற்றக் கையால கொம்பியூட்டர் தட்டுற சத்தம் எனக்கு வடிவாக் கேக்குது. கடிதத்தைத் தட்டிக்கொண்டு வாசிக்க ஏலாது. பான் நகரத்தில உங்கட ஒபிசில இருக்கிற பிறின்சி, மலாவிக்குப் போற தபால் பைக்குள்ள போட்டுவிடுறன் எண்டவள்.

நேற்றுக் கோயில்ல ஒரு மனுசி, "உங்கட அக்கான்ரை மகன் டொக்டராமே, எந்த ஆஸ்பத்திரி?" எண்டு கேட்டா. உலக சுகாதார நிபுணர், ஆபிரிக்க அபிவிருத்தி எண்டன். "அப்ப ஊசி போடுறவரோ?" எண்டா. இல்லை, ஊசி போடுறவைக்குக் கூட்டம் வைக்கிறவர் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல? பதினாறு வருசமா நைரோபி, டக்கார், லிலோங்வே எண்டு பறக்கிறாய். உலகத்துக்கே டொக்டர், ஒருத்தற்றை நாடியும் பிடிச்சதில்லை. ஜெயமலர் அக்கா சாகிற வருசம் இடுப்பு நோகுதடா எண்டு கேட்டதுக்கு, "வீட்டு டொக்டரிட்ட நேரம் கேட்டு டெர்மின் எடுங்கோ அம்மா" எண்டு சொன்ன பிள்ளை நீ.

கோவிக்காதை. உங்கட ஆக்களை எனக்கு முந்தியே தெரியும். தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில அகதியாக் கிடக்கேக்க வெள்ளை ஜீப்பில வந்திறங்கி, "சாப்பிட முன்னம் எத்தினை தரம் கை கழுவுறியள்?" எண்டு கேட்டு எழுதிக்கொண்டு போனவை. எண்ணூறு சனத்துக்கு ஒரு கிணறு. அதுக்கும் கயிறில்லை. எழுதினவை போயிட்டினம். கயிறு வரேல்ல.

திருநீறு வைச்சிருக்கிறன். குளிச்சுப்போட்டுப் பூசு.

உன்ரை சித்தி,
மகாதேவி


லிலோங்வே, மலாவி, 09.02.2025

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதமும் திருநீறும் கிடைத்தன. நலமாக இருக்கிறேன். இங்கே மழைக்காலம். உங்கள் முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா?

என் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துச் சிரித்தேன். ஒருவருடைய நாடியைப் பிடிப்பது என் வேலையல்ல, சித்தி. ஒரு நாட்டின் நாடியைப் பிடிப்பது என் வேலை. தடுப்பூசி மருந்து இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். சூடானால் அது வெறும் தண்ணீர். ஆகவே இருபத்தாறு கிராம நிலையங்களுக்குச் சூரிய ஒளியில் இயங்கும் குளிர்பெட்டிகள் கொடுத்திருக்கிறோம். தாதி காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எழுதுவார். பதினான்கு மாதங்களாக எந்தத் தாளிலும் எல்லை தாண்டவில்லை. இந்தத் துறையில் இது சாதாரண சாதனையல்ல.

மார்ச்சில் ஜெனீவாவிலிருந்து மூவர் மதிப்பிட வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் ஆபிரிக்கா முழுவதற்குமான இயக்குநர் பதவிக்கு என் பெயர் போகும். பதினாறு வருடம் இதற்காகத்தான் உழைத்தேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சேயோன்


உ
எசன், 02.03.2025

என்ரை ராசா சேயோன்,

நான் சுகம். நீ சுகமா இருக்கவேணும் எண்டு வெள்ளிக்கிழமை நூற்றெட்டுத் தேங்காய் நேந்திருக்கிறன்.

இயக்குநர் எண்டு நீ எழுதினதை எங்கட கோயில் தலைவர் தங்கராசா அண்ணையிட்ட ஒரு சொல்லுத்தான் சொன்னனான். மனுசன் கதிரையால எழும்பிப்போட்டார். "மகாதேவி, இப்பிடி ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு ஏன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனீங்கள்?" எண்டார். நான் வாயைப் பொத்தினதா ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தரம். யூலை 20 தேர். அண்டைக்கு மேடையில உனக்குப் பொன்னாடை போர்த்தி, "உலக நலக் காவலர்" எண்டு பட்டம் தரப்போகினம். திருவிழா மலரில முழுப் பக்கம் உன்ரை படம். எதிர்ப்பக்கம் சில்வெஸ்டர் அண்ணையின்ரை சாப்பாட்டுக்கடை விளம்பரம். தன்ரை மகன் கொலோனில கொம்பியூட்டர் எண்டு பத்து வருசமா என்ரை காதைத் திண்டவர். இனி உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வடை விக்கட்டும்.

உன்ரை கெட்டித்தனத்தைப் பற்றியும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னனான். ஒன்பது வயசிலயே நீ எனக்கு வாத்தியார் எண்டதை மட்டும் கூட்டேல்ல. நான் அல்டென்ஹைமில, அந்த வயோதிபர் இல்லத்தில, குசினி வேலைக்குப் போன புதுசில, ஒண்டைத் தடி மாதிரி எழுதுறன், இது ஒண்டோ வேறென்னமோ எண்டு மேலாளர் ஷெஃபின் பேசினவ. நீதான் பென்சிலைப் பிடிச்சு, "சித்தி, ஜெர்மன்காரருக்கு ஒண்டுக்கு மூக்கு வைக்கவேணும், ஏழுக்கு இடுப்பில கோடு போடவேணும்" எண்டு காட்டினனி.

நல்ல படமா அனுப்பு. கோட்டுப் போட்டு.

சித்தி மகாதேவி


லிலோங்வே, 23.03.2025

அன்புள்ள சித்தி,

நலம். நூற்றெட்டுத் தேங்காய் கொஞ்சம் அதிகம் என்றாலும், பலித்துவிட்டது. 19ஆம் திகதி மூவரும் வந்து, ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் எங்கள் நிலையத்தைப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். ஜெனீவாவுக்கு இப்போது இரண்டு பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று என்னுடையது.

அன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கோட்டுப் போட்டிருக்கிறேன். பின்னால் நிற்பது குளிர்பெட்டி. ஓரத்தில் பாதி முகம் தெரிவது அந்த நிலையத்துத் தாதி எஸ்தர். அவரை வெட்டிவிட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள்.

தேருக்கு வருகிறேன்.

அன்புடன்,
சேயோன்


உ
எசன், 06.04.2025

தம்பி சேயோன்,

சுகம். நீயும் சுகமெண்டு நம்புறன்.

படம் வந்தது. சுவாமி அறையில வைச்சுக் கும்பிட்டுப்போட்டுப் பூதக்கண்ணாடியால பாத்தன். கோட்டு வடிவு. நீ மெலிஞ்சிட்டாய். அந்தப் பிள்ளை எஸ்தர் ஏன் அழுத மூஞ்சையோட நிக்குது?

பிறகு உனக்குப் பின்னால பிறிட்ஜ் கதவில ஒட்டியிருக்கிற தாளைப் பாத்தன். மேல மார்ச் எண்டு கிடக்கு. படம் எடுத்தது பத்தொன்பதாம் திகதி எண்டு நீதான் எழுதினனி. தாள் முப்பத்தோராம் திகதி வரைக்கும் நிரம்பியிருக்கு.

வராத நாளுக்கு எத்தினை பாகை எண்டு ஆர் பாத்தது தம்பி? சாத்திரியோ?

உனக்குக் கூட்டம் தெரியும். எனக்குத் தாள் தெரியும். எங்கட அல்டென்ஹைம் குசினியில ஆறு பிறிட்ஜ், ஆறு தாள். கடைசிப் பதினொரு வருசமா நான்தான் எழுதுறன். ஒவ்வொரு நாளும் பாத்து எழுதின தாளில பேனை மாறும், எழுத்துச் சரியும், ஒரு நாள் குழம்பு சொட்டியிருக்கும். ஒரே மூச்சில எழுதினால் கை நிக்காது. தொடங்கினால் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போயிடும். வந்த மூண்டு பெரிய மனுசரும் வெறும் கட்டம் கிடக்கோ எண்டு மட்டும்தான் பாத்திருப்பினம். அவையின்ரை படிப்புக்கு அது காணும்.

எனக்கு ஒரு வரி எழுது. பழைய தாள் எண்டு எழுது, தெரியாமல் ஒட்டினது எண்டு எழுது. இலக்கங்களையும் மூண்டு தரம் பாத்தனான். அதைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேல்ல.

திருநீறு உள்ள இருக்கு.

சித்தி


உ
எசன், 18.05.2025

சேயோன்,

சுகமோ எண்டு கேக்கிறன். ஆறு கிழமையாப் பதில் இல்லை.

ஏப்ரல் கடைசியில நீ பானுக்கு மூண்டு நாள் கூட்டத்துக்கு வந்து போனனியாம். பிறின்சி சொன்னவள். "சித்தியைப் பாக்க எசனுக்கு வரேல்லையோ?" எண்டு கேட்டாள். ஆபிரிக்காவின்ரை நாடியைப் பிடிக்கிறவருக்கு ஒரு மணித்தியாலம் ரெயின் பிடிக்க நேரமில்லை எண்டன்.

மலர் யூன் கடைசியில அச்சுக்குப் போகுது. தங்கராசா அண்ணை உன்னைப் பற்றி நாலு வரி கேக்கிறார். "பதினான்கு மாதமாக ஒரு நாளும் தவறாமல் மருந்தைக் குளிர வைத்தவர்" எண்டு அவரே எழுதி வைச்சிருக்கிறார். எனக்கு வாசிச்சுக் காட்டினார். நான் சாமியைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

சித்தி


லிலோங்வே, 01.06.2025

அன்புள்ள சித்தி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். உடம்பு நலம். இங்கே மழை முடிந்து குளிர் தொடங்கியிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி?

தாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மார்ச்சில் சில நாட்கள் சூரியத் தகடு பழுதாகி அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வரவில்லை. திருத்துபவர் தலைநகரத்திலிருந்து வரப் பிந்திவிட்டார். அதை முறையாகப் பதிய வேண்டியவர் தாதி. பதிவில் ஒழுங்கீனம் நடந்திருப்பதாகத் தெரிந்ததால் எஸ்தர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். அத்துடன் அந்த விடயம் முடிந்தது. மதிப்பீட்டு அறிக்கையும் கையெழுத்தாகிவிட்டது.

நல்ல செய்தி: ஜெனீவா எனக்குத்தான். செப்ரெம்பரில் தொடக்கம். தேருக்கு நிச்சயம் வருவேன். தங்கராசா ஐயாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேயோன்


உ
எசன், 09.06.2025

சேயோன்,

நான் சுகமில்லை. இந்தமுறை உன்ரை சுகமும் கேக்கேல்ல.

எஸ்தரோ எழுதினவள்?

அந்தத் தாளில எட்டாம் திகதி வரைக்கும் ஒரு கை. மொட்டை ஒண்டு, கோடில்லாத ஏழு. ஒன்பதாம் திகதியிலயிருந்து வேற கை. 4.1, 3.7, 4.1, 4.7. கெட்டிக்காரன், மாத்தி மாத்தித்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ஒவ்வொரு ஒண்டுக்கும் மூக்கு இருக்கு. ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில கோடு இருக்கு. மலாவியில பிறந்து மலாவியில படிச்ச பிள்ளை ஒண்டுக்கு ஏன்ரா மூக்கு வைக்கிறாள்? அந்த மூக்கு எசனில நீ படிச்ச கிறுண்ட்ஷூலே பள்ளிக்கூடத்தின்ரை மூக்கு. நீ எனக்குப் பழக்கின மூக்கு.

பெட்டி நிண்ட நாளிலயிருந்து அந்தப் பிள்ளை கட்டத்தை வெறுமையா விட்டிருக்கிறாள். பாக்கத் தெரிஞ்சவனுக்கு அந்த வெறுமையே கடிதம். நீ ஜெனீவாக்காரர் வர முதல் பேனையை எடுத்து அதை நிரப்பிப்போட்டு, கடைசியில அவளையே துரத்திப்போட்டாய். எந்தப் பள்ளிக்கூடத்தில உது பழக்கினவை? இதுக்கோ அக்கா வீடு வீடா யன்னல் துடைச்சுப் படிப்பிச்சவ?

பத்து நாள் சூட்டில கிடந்த மருந்தை என்ன செய்தனி? கொட்டினியோ, குத்தினியோ? சூடானால் தண்ணி எண்டு நீதான் எனக்கு எழுதினனி. ஊசி போட்டாச்சு எண்டு நிம்மதியா இருக்கிற தாய்மாருக்கு ஆர் போய்ச் சொல்லுறது, உங்கட பிள்ளைக்குக் குத்தினது தண்ணி எண்டு? முந்தி எங்களிட்ட வந்தவை கயிறுதான் கொண்டுவரேல்ல. நீ அவையையும் வெண்டிட்டாய்.

நான் உத்தமியெண்டு சொல்லேல்ல. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஓடவேணும் எண்டு வியாழக்கிழமையே வெள்ளியின்ரை இலக்கத்தை எழுதிப்போட்டுப் போறனான். பதினொரு வருசம். பிள்ளையாருக்காகத்தானே எண்டு மனசுக்குச் சொன்னனான். அவர் என்னட்டப் பிறிட்ஜ் பாக்காமல் வா எண்டு கேட்டவரோ? உன்ரை கடிதம் வந்த அடுத்த நாள் போய் ஷெஃபினிட்டச் சொன்னன். மனுசி அப்மானுங் தந்தவ. இன்னொருக்கா இப்பிடி எண்டால் வேலை இல்லை எண்டு எழுத்தில. அந்தக் கடுதாசியின்ரை கொப்பி உள்ள வைச்சிருக்கிறன். உன்ரை ஜெர்மன் என்னிலும் நல்லது, நீ வாசி.

மலர் அச்சுக்குப் போக மூண்டு கிழமை இருக்கு. தங்கராசா அண்ணைக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. சொல்லவேண்டியது என்ரை வாய் இல்லை.

இந்தமுறை திருநீறு வைக்கேல்ல.

மகாதேவி


லிலோங்வே, 29.06.2025

சித்தி,

கடிதமும் கொப்பியும் கிடைத்தன.

தேருக்கு என்னால் வர இயலாது. மலரில் என் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லித் தங்கராசா ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன். காரணம் கேட்டால் வேலை என்று சொல்லுங்கள்.

முழங்காலைக் கவனியுங்கள்.

சேயோன்


ஏரிக்கரை, 17.08.2025

அன்புள்ள சித்தி,

நான் நலம். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, மாறிவிட்டது. லிலோங்வே வீட்டை விட்டுவிட்டேன். நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர்தான். கயிறு இருக்கிறது.

சூடான மருந்து போட்ட பிள்ளைகளுக்கு மீண்டும் ஊசி போட ஒவ்வொரு ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். நேற்றுப் பதினோராவது. சில வீடுகளில் கதவைத் திறக்கிறார்கள். ஒரு ஊரில் ஒரு தாய் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, என் முகத்தில் துப்பினாள். பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து தந்தாள்.

எஸ்தருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். வேலையைத் தவிர வேறெதையும் அவர் என்னோடு பேசுவதில்லை. இதை மட்டும் சொன்னார்.

ஒரு படம் வைத்திருக்கிறேன். கோட்டுப் போடவில்லை, படத்தில் நானும் இல்லை.

அன்புடன்,
சேயோன்


உ
எசன், 07.09.2025

தம்பி சேயோன்,

பிள்ளையார் புண்ணியத்தில சுகம். காய்ச்சல் வந்த உடம்போட கண்டதைத் தின்னாதை, கஞ்சி குடி.

உன்ரை கடிதம் தங்கராசா அண்ணைக்குக் கிடைக்கமுதல் மலர் அச்சடிச்சாச்சு. நானூறு புத்தகம். மனுசன் தலையில கைவைச்சுக்கொண்டு இருந்தார். கடைசியில சில்வெஸ்டர் அண்ணைதான் தன்ரை விளம்பரத்தை இன்னொருக்கா அடிச்சுக் குடுத்தவர், உன்ரை முகத்துக்கு மேல ஒட்டச்சொல்லி. ஒட்டினது ஆர்? நான்தான். ரெண்டு நாள் கோயில் மண்டபத்தில குந்தியிருந்து நானூறு புத்தகத்திலயும் உனக்கு மேல வடையும் கொத்துரொட்டியும் ஒட்டினனான். ஆனால் பசை மெல்லிசு. பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சால் வடைக்குப் பின்னால கோட்டும், பிறிட்ஜும், முப்பத்தொரு நாளும் தெரியுது. எசன் சனம் முழுக்க இப்ப மலரை யன்னலுக்குப் பிடிச்சுத்தான் வாசிக்குது.

ஏன் வரேல்ல எண்டு கேட்டவைக்கு வேலை எண்டு சொல்லச் சொன்னனி. கோயிலுக்குள்ள நிண்டு பொய் சொல்ல ஏலாது. அவனிட்டயே கேளுங்கோ எண்டன். ஜெனீவாக் கதிரையில மற்றவன் ஏறியிட்டான் எண்டு பிறின்சி சொன்னவள். நீ எனக்கு எழுதேல்ல. எழுதாட்டிலும் பரவாயில்லை.

படத்தைப் பூதக்கண்ணாடியால பாத்தன். 4.9. 6.2. பதினாலாம் திகதி 9.3, அதைச் சுத்திச் சிவப்பு வட்டம். அடுத்த நாள் வெறுமை. ஒரு மூலையில என்னமோ ஊத்துண்டு காய்ஞ்சிருக்கு. இப்பதான் அது மனுசர் எழுதின தாள். எல்லாம் மொட்டை ஒண்டு, எஸ்தரின்ரை கை. ஞாயிற்றுக்கிழமைகளில மட்டும் மூக்கு வைச்ச ஒண்டு, பக்கத்தில உன்ரை கையெழுத்து. அந்தப் பிள்ளை கோயிலுக்குப் போற நாளாக்கும்.

உன்னைப் புழுகுறன் எண்டு நினைக்காதை. தான் கொட்டினதைத் தான் துடைக்கிறவனுக்கு ஆரும் பொன்னாடை போர்த்திறேல்ல.

நான் இப்ப வெள்ளிக்கிழமைகளில ஆறு பிறிட்ஜையும் பாத்து எழுதிப்போட்டுத்தான் கோயிலுக்குப் போறன். போகேக்க தீபம் முடிஞ்சிடும், சனம் கலைஞ்சிடும். போன கிழமை ஐயர் விபூதித் தட்டை உள்ள கொண்டுபோகேக்க, பின்னால கலைச்சுக்கொண்டு போய்த்தான் வாங்கினனான். அதைத்தான் ரெண்டு பொட்டலமா மடிச்சு வைச்சிருக்கிறன். ஒண்டு உனக்கு. மற்றது எஸ்தருக்கு. வேதக்காரப் பிள்ளையெண்டால் பூசத் தேவையில்லை, சும்மா மேசையில வைச்சிருக்கட்டும்.

உன்ரை சித்தி,
மகாதேவி